வெயிலடிக்கும்போது ஏறும் தண்ணீர்: வெள்ளத்தைக் கணினி எப்படி ஊகிக்கிறது?

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஜொகூரில் 40,000-க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறித் தற்காலிக நிவாரண மையங்களில் தங்கியிருந்தனர். சிகாமட், லாபிஸ், குளுவாங், யொங் பெங் எனப் பல இடங்களில் வெள்ளம். அவற்றில் பலரையும் குழப்பியது பத்து பஹாட் மாவட்டம்தான். மழை குறைந்தது, வெயிலும் எட்டிப் பார்த்தது. ஆனால் தண்ணீர் வடியவில்லை. சில இடங்களில் மேலும் ஏறியது. வாரக்கணக்கில் மக்கள் நிவாரண மையங்களிலேயே இருக்க நேர்ந்தது. "மழையே இல்லையே, பிறகு எங்கிருந்து வருகிறது இவ்வளவு தண்ணீர்?" என்பதே அப்போது பலரின் கேள்வி.

பதில் தலைக்கு மேலே இருந்த வானத்தில் இல்லை. சிம்பாங் கானான், சிம்பாங் கிரி என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்துதான் பத்து பஹாட் ஆறாகி மலாக்கா நீரிணையில் கலக்கின்றன. உள்நாட்டில், குளுவாங், யொங் பெங் பக்கம் பெய்த மழை அங்கிருந்து இறங்கிவர நாள்கள் பிடிக்கும். நிலமோ தட்டையானது. கடலோரப் பகுதி மிகத் தாழ்வானது. கடல் பொங்கும் நேரத்தில் ஆற்று நீரை அது ஏற்றுக்கொள்ளாது. மேலிருந்து வருகிற தண்ணீர், கீழே போக வழியில்லாமல் செம்பனைத் தோட்டங்களிலும் கம்போங்குகளிலும் தாமான்களிலும் பரவி நிற்கும்.

வாசலில் நிற்கும் மனிதருக்குத் தெரிவது அவர் தலைக்கு மேலுள்ள மேகம் மட்டும். இன்று வெள்ள எச்சரிக்கை தரும் கணினி அமைப்புகள் அவர் பார்க்க முடியாத இடங்களையும் சேர்த்துப் பார்க்கின்றன. பார்த்ததை வைத்துப் பார்க்காததைச் சொல்கின்றன. செயற்கை நுண்ணறிவு என்றதும் பலருக்கும் கேள்விக்குப் பதில் எழுதும் செயலிகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தத் துறையின் அடிப்படை வேலை இதுதான்: தெரிந்த சில தகவல்களிலிருந்து தெரியாத ஒன்றை ஊகிப்பது, அந்த ஊகம் எவ்வளவு உறுதியானது என்று சொல்வது. கைப்பேசிக்கு வரும் ஓர் எச்சரிக்கை எந்த வகை ஊகத்தில் பிறந்தது என்று தெரிந்தால், அதை எவ்வளவு நம்பலாம், அது எங்கே தவறக்கூடும் என்பதும் தெரியும்.

ஊகத்துக்கும் வெள்ளத்துக்கும் உள்ள உறவு தமிழில் புதியதல்ல. மணிமேகலையின் 27-வது காதையில் பல சமயத்தாரும் தங்கள் தர்க்க முறைகளை விளக்குகிறார்கள். அங்கே கருதல் அளவைக்கு, அதாவது ஊகித்து அறிவதற்கு, மூன்று வகை சொல்லப்படுகிறது. அதில் இரண்டுக்கு எடுத்துக்காட்டே மழையும் வெள்ளமும்தான். ஆற்றில் வெள்ளம் வருவதைப் பார்த்து மேற்பகுதியில் மழை பெய்திருக்கிறது என்று அறிவது எச்சம். கறுத்த மேகத்தைப் பார்த்து மழை வரப்போகிறது என்று சொல்வது முதல். ஒன்று விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கிப் போகிறது. மற்றது காரணத்திலிருந்து விளைவுக்கு முன்னோக்கிப் போகிறது. கணினி அறிவியலும் இந்த இரண்டு திசைகளிலேயே இயங்குகிறது. நோயின் அறிகுறியிலிருந்து நோயைக் கண்டுபிடிப்பது முதல் திசை. வானிலை, வெள்ளம் ஆகியவற்றை முன்கூட்டிச் சொல்வது இரண்டாவது.

கோடு போட்டுச் சொல்லும் முறை

கணினிக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுக்க நினைத்தவர்கள் முதலில் கையில் எடுத்தது விதிகளை. "இப்படி இருந்தால், அப்படிச் செய்" என்ற விதிகள். 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்ற அமைப்பு, நூற்றுக்கணக்கான இத்தகைய விதிகளைக் கொண்டு இரத்தத்தில் பரவும் கிருமித் தொற்றுகளுக்கு மருந்து பரிந்துரைத்தது. அனுபவமுள்ள ஒரு மருத்துவர் மனத்தில் வைத்திருப்பதை விதியாக எழுதி இயந்திரத்திடம் கொடுப்பதே அதன் வழி.

மலேசியர்கள் அன்றாடம் பார்க்கும் வெள்ள எச்சரிக்கையின் அடித்தளமும் விதிதான். ஜேபிஎஸ் எனப்படும் வடிகால், நீர்ப்பாசனத் துறை, ஆறுகளில் நீர்மட்டம் அளக்கும் நிலையங்களை வைத்திருக்கிறது. அவை அனுப்பும் அளவுகளைத் துறையின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். வழக்கமான அளவு பச்சை. அதற்கு மேல் வாஸ்பாடா மஞ்சள், அமாரான் ஆரஞ்சு, பஹாயா சிவப்பு. ஒவ்வொரு நிலையத்துக்கும் இந்தக் கோடுகள் தனித்தனி. தண்ணீர் கோட்டைத் தாண்டினால் நிறம் மாறும்.

இதன் நன்மை தெளிவு. ஏன் சிவப்பானது என்று யார் கேட்டாலும் காரணம் காட்டலாம். இதன் குறையும் அதிலேயே இருக்கிறது. விதி, நடந்துவிட்டதைத்தான் சொல்கிறது. தண்ணீர் கோட்டைத் தொட்ட பிறகுதான் அதற்குத் தெரியும். குன்றிலிருந்து வேகமாக இறங்கும் சிறிய ஆறாக இருந்தால், ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் இடையே பொருள்களை மேலே தூக்கி வைக்கக்கூட நேரம் இருக்காது. இன்னொன்றும் உண்டு. நிலையம் பாலத்தடியில் இருக்கிறது, வீடு இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தில் இருக்கிறது. நிலையத்தின் பச்சை, வீட்டின் பச்சை அல்ல.

கோத்தா திங்கி கற்றுக்கொடுத்தது

2006 டிசம்பர் மாதத்தின் பெருமழையில் சிகாமட், கோத்தா திங்கி உள்ளிட்ட ஜொகூர் நகரங்கள் மூழ்கின. கோத்தா திங்கி மக்கள் சேறு கழுவி, நனைந்த மெத்தைகளைத் தூக்கியெறிந்து, கடைகளைத் திறந்து கொண்டிருந்தபோதே 2007 ஜனவரியில் மறுபடியும் வெள்ளம். ஒரு மாதத்துக்குள் இரண்டு முறை. இரண்டாவது முறை தண்ணீர் முதல் முறையைவிட உயரம். இரண்டு அலைகளிலும் சேர்த்து வெளியேறியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

அன்றன்றைய மழையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடும் ஓர் அமைப்பு இந்த இடத்தில் ஏமாந்துபோகும். காய்ந்த துணியில் ஒரு குவளை நீரை ஊற்றினால் துணி உறிஞ்சிக்கொள்ளும். ஏற்கனவே நனைந்து சொட்டும் துணியில் அதே குவளையை ஊற்றினால் முழுவதும் கீழே ஓடும். டிசம்பர் மழையில் ஊறிப்போன மண்ணுக்கு ஜனவரி மழையை வாங்கிக்கொள்ள இடமில்லை. ஆகவே இன்றைய மழை எவ்வளவு என்று கேட்டால் மட்டும் போதாது. அதற்கு முன் நிலம் எந்த நிலையில் இருந்தது என்றும் கேட்க வேண்டும். வெள்ளத்தை ஊகிக்கும் எந்த இயந்திரத்துக்கும் நினைவு வேண்டும்.

பொறியாளர்களின் பதில், இயற்பியலைக் கணக்காக எழுதுவது. நிலத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய தொட்டிகளாக எண்ணிக்கொள்ளலாம். மேல் தொட்டியில் மழை விழுகிறது. கொஞ்சம் ஆவியாகிறது, கொஞ்சம் மண்ணுக்குள் இறங்குகிறது, தொட்டி நிரம்பினால் மீதி வழிந்து ஆற்றுக்குப் போகிறது. ஆற்றின் அகலம், ஆழம், சரிவு எல்லாம் அளந்து கொடுத்தால், அந்தத் தண்ணீர் அடுத்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் எந்த உயரத்தில் வந்து சேரும் என்று கணினி சொல்லும். கோத்தா திங்கி, பத்து பஹாட் போன்ற இடங்களுக்குக் கடல் ஏற்ற இறக்கத்தையும் சேர்க்க வேண்டும்.

2014 டிசம்பரில் கிளந்தானைப் புரட்டிப்போட்ட வெள்ளத்துக்குப் பிறகு, ஜேபிஎஸ் தேசிய வெள்ள முன்கணிப்பு, எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டம் கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆறுகளுக்கு. பிறகு மற்ற ஆறுகளுக்கும் விரிவாக்கப்பட்டு வருகிறது. மழை முன்கணிப்பை ஆற்றுக் கணக்குகளோடு இணைத்து, தண்ணீர் கோட்டைத் தொடுவதற்கு முன்பே சொல்வதுதான் அதன் நோக்கம்.

இந்த முறைக்குச் செலவு அதிகம். ஒவ்வோர் ஆற்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். நிலம் மாறினால் கணக்கும் மாற வேண்டும். செம்பனைத் தோட்டம் வீடமைப்புப் பகுதியாகும்போது மண் குடித்த தண்ணீர் இனித் தார்ச்சாலையில் ஓடும். ஜொகூரில் அது வேகமாக நடக்கிறது. கூலாயில் முன்பு கூலாய் யங் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று நிற்பது வைடிஎல் குழுமத்தின் தரவு மையப் பூங்கா. செயற்கை நுண்ணறிவுக்கான கணினிகளே பழைய தோட்ட மண்ணில் குடியேறியிருக்கின்றன. பழைய வரைபடத்தை வைத்துப் புதிய நிலத்தின் வெள்ளத்தை எந்தக் கணினியும் சரியாகச் சொல்லாது.

ஒரே பதிலை விட்ட கதை

ஆற்றுக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், நாளை எங்கே எவ்வளவு மழை என்பது தெரியாவிட்டால் பயனில்லை. மழையோ பிடிகொடுக்காதது. 1961-இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் ஒரு கணக்கைக் கணினியில் மறுபடி ஓட்டினார். இம்முறை 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வந்த வானிலை, முன்பு வந்ததற்குச் சம்பந்தமே இல்லாமல் போனது. தொடக்கத்தில் ஒரு சின்ன வித்தியாசம், முடிவில் வேறொரு உலகம்.

ஆகவே வானிலை மையங்கள் ஒரே பதிலைச் சொல்லும் முயற்சியைக் கைவிட்டன. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையம் 1992 முதல் ஒரே நாளுக்குப் பல கணக்குகளை ஓட்டுகிறது. பல ஆண்டுகளாக அந்த எண்ணிக்கை 51. ஒவ்வொன்றிலும் தொடக்க அளவுகள் சற்றே வேறு. 51-இல் 40 கணக்குகள் பெருமழை என்றால் வாய்ப்பு அதிகம். 5 மட்டுமே சொன்னால் குறைவு. "70 விழுக்காடு மழை" என்பதன் பொருள் நாளில் 70 விழுக்காடு நேரம் மழை பெய்யும் என்பதும் அல்ல, ஊரில் 70 விழுக்காடு பரப்பில் பெய்யும் என்பதும் அல்ல. இதுபோன்ற பத்து நாள்கள் வந்தால் அவற்றில் ஏழு நாள் மழை பெய்யும் என்பதே.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் இயந்திரத்தின்மீது நம்பிக்கை இழக்கிறார்கள். போன முறை எச்சரிக்கை வந்தது, பொருளையெல்லாம் தூக்கினோம், ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அதற்குக் காரணம் பெரும்பாலும் இயந்திரத்தின் கோளாறு அல்ல, எண்களின் இயல்பு. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பருவமழைக் காலத்தில் 100 இரவுகள். அவற்றில் 10 இரவு உண்மையிலேயே வெள்ளம். எச்சரிக்கை அமைப்பு எந்த இரவிலும் 90 விழுக்காடு சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். 10 வெள்ள இரவுகளில் 9-ஐப் பிடித்துவிடும். வெள்ளம் இல்லாத 90 இரவுகளில் பத்தில் ஒன்றுக்குத் தவறாக மணியடிக்கும், அதாவது 9 இரவு. மொத்தம் 18 எச்சரிக்கை, அதில் 9 மட்டும் உண்மை. 90 விழுக்காடு சரியான இயந்திரத்தின் எச்சரிக்கையில் பாதி பொய்! வெள்ளம் இன்னும் அரிதாகி 100 இரவில் ஒன்றுதான் என்றால், 12 எச்சரிக்கைகளில் ஒன்றுதான் பலிக்கும். இயந்திரம் மாறவில்லை. அரிதான ஒன்றைத் தேடும்போது தவறான மணி அதிகம் ஒலிப்பது தவிர்க்க முடியாதது.

இனி அடுத்த படி. அந்த 18 எச்சரிக்கை இரவுகளில் மேற்பகுதி நிலையத்தில் தண்ணீர் ஏறுகிறதா என்றும் பார்க்கிறோம். உண்மையான 9 இரவுகளில் 8-இல் ஏறுகிறது, பொய்யான 9-இல் 2-இல் மட்டும் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு அறிகுறியும் சேர்ந்த இரவுகள் 10. அவற்றில் 8 உண்மை. ஒரே ஒரு கூடுதல் தகவலால் பாதிக்குப் பாதி என்றிருந்தது, ஐந்தில் நான்கு என்றாகிவிட்டது.

புதிய சான்று வரும்போதெல்லாம் பழைய நம்பிக்கையை இப்படித் திருத்திக்கொள்ளும் கணக்குக்கு வித்திட்டவர் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். அவர் இறந்த பிறகு 1763-இல்தான் அவருடைய கட்டுரை அச்சானது. 1980-களில் ஜூடியா பேர்ல் இதைக் கணினிக்கு ஏற்ற வலைப்பின்னலாக வளர்த்தெடுத்தார். மழை, மண் ஈரம், அணைக்கட்டு, கடல் ஏற்றம் ஒவ்வொன்றும் அந்த வலையில் ஒரு முடிச்சு. ஒன்றில் தகவல் வந்தால் மற்ற எல்லாவற்றின் வாய்ப்பும் திருத்தப்படும், முன்னோக்கியும் பின்னோக்கியும். 2011-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

பார்த்துப் பார்த்துக் கற்கும் இயந்திரம்

விதியும் வேண்டாம், ஆற்றை அளந்து இயற்பியலும் எழுத வேண்டாம், பழைய பதிவுகளைக் கொடுங்கள், நானே கற்றுக்கொள்கிறேன் என்பது இன்றைய முறை. நரம்பு வலையமைப்பு என்று பெயர். பல்லாண்டு மழைப் பதிவுகளும் ஆற்றுப் பதிவுகளும் அதற்குக் கொடுக்கப்படுகின்றன. அது முதலில் கண்மூடித்தனமாக ஒரு பதில் சொல்கிறது. உண்மையான அளவோடு ஒப்பிட்டு, தவறு எவ்வளவோ அதற்கேற்பத் தன் உள்ளிருக்கும் எண்களைச் சிறிது திருத்திக்கொள்கிறது. இலட்சக்கணக்கான முறை இப்படித் திருத்திய பிறகு, அதன் பதில் உண்மைக்கு அருகில் வருகிறது. புதிதாகச் சேர்ந்த செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி, எந்தக் குலை பழுத்தது என்று மண்டோரிடம் திட்டு வாங்கி வாங்கிக் கண் பழகுவதைப் போன்றது இது.

வெள்ளத்துக்கு ஏற்ற வகை, 1997-இல் செப் ஹோக்ரைட்டர், யூர்கன் ஷ்மிதூபர் ஆகிய இருவர் வெளியிட்ட எல்எஸ்டிஎம். எதை நினைவில் வைப்பது, எதை மறப்பது என்பதையும் அது கற்றுக்கொள்ளும். கோத்தா திங்கியின் டிசம்பர் மழை ஜனவரியில் ஏன் முக்கியம் என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போதுமான பதிவு இருந்தால் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

கூகுள் நிறுவனம் 2018-இல் இந்தியாவின் பாட்னா பகுதியில் வெள்ள எச்சரிக்கையைச் சோதனையாகத் தொடங்கியது. 2024 மார்ச்சில் அதன் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. உலகெங்கும் 5,680 ஆற்று அளவை நிலையங்களின் பதிவுகளில் பயிற்றுவித்த அமைப்பு, ஐந்து நாள் முன்னதாகச் சொன்ன கணிப்பு, அதுவரை இருந்த உலகளாவிய அமைப்பு அன்றைய தினத்துக்கே சொன்ன கணிப்புக்கு ஈடாக இருந்தது என்பதே அதன் சாரம். அதைவிட முக்கியமானது, அளவை நிலையமே இல்லாத ஆறுகளுக்கும் அது கணித்தது. ஆயிரக்கணக்கான ஆறுகளைப் பார்த்த இயந்திரம், பார்க்காத ஆற்றையும் ஓரளவு புரிந்துகொள்கிறது. ஏழை நாடுகளுக்கு இது சிறிய செய்தி அல்ல.

ஆனால் ஏன் என்று கேட்டால் இந்த வகை அமைப்பு தெளிவாகச் சொல்லாது. விதியைப் போல விரல் நீட்டிக் காட்ட முடியாது. கடந்த காலத்தில் இல்லாத ஒன்று வந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கவலை. அதற்கு ஜொகூரிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

2001 டிசம்பர் 27-ஆம் தேதி, வாமெய் என்ற வெப்பமண்டலப் புயல் ஜொகூரின் தென்கிழக்குக் கரையைத் தொட்டது. பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ 5 பாகைக்குள் இத்தகைய புயல் உருவாகாது என்பதே அதுவரை பாடநூல் சொன்னது. பூமியின் சுழற்சி தரும் திருகுவிசை அங்கே மிகக் குறைவு என்பது காரணம். வாமெய் உருவானது 1.5 பாகைக்கும் கீழே. பதிவானவற்றிலேயே ரேகைக்கு மிக நெருக்கமாக உருவான புயல் அது. குனோங் பூலாயில் நிலச்சரிவில் ஐந்து பேர் உயிரிழந்தனர். இதுபோன்ற ஒன்று 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரலாம் என்று பின்னர் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

விதி எழுதியவர்களும் தவறவில்லை, பதிவுகளைப் படித்தவர்களும் தவறவில்லை. பதிவில் அது இல்லை, அவ்வளவுதான். 2000-ஆம் ஆண்டு வரையுள்ள பதிவுகளை மட்டும் படித்த எந்த இயந்திரமும், ஜொகூருக்குப் புயல் வரும் வாய்ப்பு சுழியம் என்றே சொல்லியிருக்கும், மிகுந்த உறுதியோடு. அதனால்தான் ஆய்வாளர்கள் பலர் இரண்டையும் கலக்கப் பார்க்கிறார்கள்: கற்கும் இயந்திரம் கற்கட்டும், ஆனால் தண்ணீர் மேட்டை நோக்கி ஓடாது என்பது போன்ற இயற்பியலை அது மீறக்கூடாது.

தோட்டத்து மழைமானி

பதிவுகளைப் பற்றிப் பேசும்போது தோட்டங்களை விட்டுவிட முடியாது. ரப்பர் காலத்திலிருந்தே தோட்டங்களில் மழைமானி உண்டு. மழை பெய்தால் பால் மரம் வெட்ட முடியாது, செம்பனைக்கு உரம் போட முடியாது. ஆகவே தினமும் காலையில் அளவெடுத்து ஏட்டில் எழுதுவது தோட்ட அலுவலகத்தின் வழக்கமான வேலை. ஜேபிஎஸ் பயன்படுத்தும் ஜொகூர் மழை நிலையங்களின் பட்டியலைப் பார்த்தால், ரெங்கம் பெனுட் தோட்டம், சிகாமட் பாயா லாங் தோட்டம் எனத் தோட்டப் பெயர்களும் வருகின்றன. கால்வாய் எவ்வளவு அகலம் வேண்டும் என்று பொறியாளர்கள் போடும் கணக்கும், இயந்திரத்துக்குக் கொடுக்கும் பாடமும், யாரோ ஒருவர் காலையில் நடந்துபோய்ப் பார்த்து எழுதிய எண்களில் தொடங்குகின்றன. தோட்டங்கள் துண்டாடப்படும்போது மழைமானியும் போகிறது, நீண்ட காலப் பதிவும் அறுகிறது.

இயந்திரம் செய்ய முடியாத ஒரு வேலை மிச்சமிருக்கிறது. வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று அது சொல்லும். எத்தனை விழுக்காட்டில் கிளம்புவது என்பதைச் சொல்லாது. குளிர்பதனப் பெட்டியை மேசைமேல் ஏற்றவும், மோட்டார் சைக்கிளை மேட்டில் நிறுத்தவும் ஒரு மாலை நேரமும் நூறு வெள்ளியும் செலவு, செய்யாமல் விட்டால் 5,000 வெள்ளி நட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதில் ஒரு வாய்ப்பு இருந்தால்கூட ஏற்றி வைப்பதில் நட்டமில்லை. பிறப்புச் சான்றிதழையும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழையும் நெகிழிப் பையில் போட்டு உயரத்தில் வைக்கச் செலவே இல்லை. அதற்கு எந்த விழுக்காட்டுக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்புவது வேறு. நாள் சம்பளக்காரருக்குப் பொய் எச்சரிக்கை ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி. ஆகவே அதிகாரிகளும் எல்லாருக்குமாகக் கோட்டைச் சற்று உயரத்தில்தான் போடுவார்கள். எல்லா வீட்டுக்கும் அந்தக் கோடு பொருந்தாது. வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டிய ஒரு சிறுநீரக நோயாளி இருக்கும் வீட்டில், தண்ணீர் வாசலுக்கு வராவிட்டாலும் சாலை மூழ்கினால் போதும், உயிருக்கு ஆபத்து. படுக்கையில் இருக்கும் முதியவர், நிறைமாதக் கர்ப்பிணி உள்ள வீடுகளும் அப்படியே. அத்தகைய குடும்பம் ஊருக்கான ஆரஞ்சுக்குக் காத்திருக்காமல், தன் கோட்டை மஞ்சளிலேயே போட்டுக்கொள்வதுதான் கணக்குப்படி சரி.

நிலையத்துக்கும் வாசலுக்கும் இடையிலான தூரத்தையும் அந்தந்த இடத்து மக்கள்தான் நிரப்ப முடியும். போன வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று சுவரில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. அன்று மேற்பகுதி நிலையம் எத்தனை மணிக்கு எந்த நிறத்தில் இருந்தது என்று ஒரு பள்ளி நோட்டில் ஒரு வரி. மாலை 6 மணிக்கு ஆரஞ்சு, இரவு 2 மணிக்குச் சாக்கடைப் பாலம் நிரம்பியது, விடியற்காலை 5 மணிக்கு முதல் படி. இப்படி மூன்று நான்கு வெள்ளங்கள் எழுதிவைத்தால், அந்த வரிசை வீடுகளுக்கு அடுத்த முறை எத்தனை மணி நேரம் கையில் இருக்கும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது 11 மணி நேரம். மண் ஏற்கனவே ஊறியிருந்தால் அதைவிடக் குறைவு.